எச்ஐவி, பாலின வன்முறை: இரண்டையும் ஒரே பயிற்சியில் பேசுவது எப்படி?

கேள்வி: ஆண்களும் பெண்களுமாக 20 பேர். ஆணுறை செய்முறை வரை நன்றாகப் போகிறது. வன்முறை என்றதும் பெண்கள் வாய் திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: முதல் சில அமர்வுகளை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக நடத்துங்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் யார் பேசுவார்கள்? "உங்களுக்கு நடந்ததா" என்று கேட்கவே வேண்டாம். ஒரு கற்பனைத் தம்பதியைக் கொடுங்கள்: ஆணுறை கேட்ட மனைவியைக் கணவன் சந்தேகப்பட்டு அடிக்கிறான், இனி அவள் என்ன செய்ய முடியும்? இரண்டு பிரச்சினையும் அங்கேயே ஒன்றாகிவிடும். ஆண்கள் குழுவுக்கும் இதே கதைதான், ஆனால் கேள்வி வேறு: பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்திருக்கலாம்?

பதில் 2: 72 மணி நேரக் கணக்கை விட்டுவிடாதீர்கள். வல்லுறவுக்கு ஆளானவர் அதற்குள் எச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். போலீஸ் புகாருக்காகக் காத்திருந்தால் நேரம் போய்விடும். இரவிலும் மருந்து கிடைக்கும் இடத்தைப் பயிற்சிக்கு முன்பே நேரில் விசாரித்து வையுங்கள்.

பதில் 3: செய்முறையில் ஒன்று: எண்ணெயோ வாசலினோ லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும், தண்ணீர் சார்ந்த ஜெல்தான் சரி. இன்னொன்று, "எச்ஐவி பரிசோதனை முடிவைக் கணவரிடம் சொல்லிவிடுங்கள்" என்று பொதுவாக அறிவுரை சொல்லாதீர்கள். அடி விழும் வீட்டில் அது ஆபத்து. ஆலோசகர் துணையோடு, அந்தப் பெண் விரும்பும்போது மட்டுமே சொல்லட்டும்.