இன்று மாலை மத்தியதரைக்கடல் உணவகம், மெனு ஒன்றும் புரியவில்லை

புதுவரவு:
இந்த ஊருக்கு வந்து 9 நாள்தான் ஆகிறது. அலுவலகத்தில் எல்லோரும் இன்று மாலை 7 மணிக்கு ஒரு மத்தியதரைக்கடல் உணவகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். விலை குறைவாம், ஆனால் விசித்திரமான இடம். படத்தில் ஒரு நாற்காலி போல இன்னொன்று இல்லை, கூரையில் சைக்கிள் தொங்குகிறது. மெனுவில் ஒரு பெயரும் தெரியவில்லை. என்ன கேட்பது? அவசரம்.

குளிர்கால அண்ணன்:
தம்பி, முதலில் வங்கிக் கணக்கு திறந்தாயிற்றா? நான் கார்டு வருகிறவரை 5 வாரம் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினேன். உணவகப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

மூன்றாம்மாடி:
மெஸ்ஸே என்ற வகையைக் கேளுங்கள். சின்னச் சின்னத் தட்டுகளாக வரும், நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காததைத் தொடாவிட்டால் யாருக்கும் தெரியாது.

கறார்கணக்கு:
அந்த வேலையே வேண்டாம். பொதுவில் சாப்பிட்டால் பில்லையும் தலைக்குச் சமமாகப் பிரிப்பார்கள். நான் ஒரு சூப் குடித்துவிட்டு எதிரே இருந்தவரின் ஆட்டுக்கறிக்கும் ஒயினுக்கும் அழுதிருக்கிறேன்.

குளிர்கால அண்ணன்:
பிறந்தநாள் என்று கூப்பிட்டுவிட்டு அவர் பங்கையும் நம் தலையில் கட்டுவார்களே, அது?

மூன்றாம்மாடி:
கூப்பிட்டவர்தானே கொடுக்க வேண்டும்?

கறார்கணக்கு:
எந்த உலகத்தில் இருக்கிறீர்கள்!

புதுவரவு:
சொல்ல மறந்துவிட்டேன், நான் சைவம். மணி 6 ஆகிவிட்டது.

எலுமிச்சை அக்கா:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! மற்றவர்கள் பில் புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்ந்த ஹம்மஸ், சுட்ட கத்தரிக்காயில் செய்யும் பாபா கனூஷ், பார்ஸ்லியும் உடைத்த கோதுமையும் கலந்த தபூலே, வடை போலப் பொரித்த ஃபலாஃபல் எல்லாம் வழக்கமாகச் சைவம்தான். எள் ஒத்துக்கொள்ளாது என்றால் ஹம்மஸையும் பாபா கனூஷையும் விட்டுவிடுங்கள், மற்றவற்றிலும் எள் இருக்கிறதா என்று கேளுங்கள். முசாக்கா கத்தரிக்காய்ப் பண்டம்தான், ஆனால் உள்ளே பெரும்பாலும் கொத்துக்கறி. திராட்சை இலையில் சுருட்டிய டோல்மாவில் அரிசி மட்டுமா, கறியுமா என்று கேட்டே ஆக வேண்டும். பிலாஃப் என்கிற சோற்றையும் பருப்பு சூப்பையும் பல இடங்களில் கோழிச் சாற்றில் வேகவைத்திருப்பார்கள், கறித்துண்டு கண்ணில் படாது. "சைவமா?" என்றால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்; எதில் வெந்தது என்று கேளுங்கள். தனி பில் வேண்டுமென்றால் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சர்வீஸ் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.

புதுவரவு:
சரி அக்கா, கிளம்பிட்டேன்.

மூன்றாம்மாடி:
கடைசியில் துருக்கி காபி வந்தால் அடியில் இருக்கும் மண்டியைக் குடிக்காதீர்கள். நான் குடித்தேன்.