புதுப்பிப்பு: பாலிஎத்திலீன் நாரில் தகடு செய்ய வழி கிடைத்தது

கடலூர் துறைமுகத்துப் படகுகளுக்கு உராய்வுத் தகடு செய்ய, உயர்வலிமை பாலிஎத்திலீன் நார்த்துணியை எப்படி ஒட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். எபாக்ஸி பசை அதில் சரியாகப் பிடிப்பதில்லை, உரித்தால் வந்துவிடுகிறது.

சரி, இப்போது துணி அடுக்குகளுக்கு நடுவில் எல்.டி.பி.இ. (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்) பிலிம் வைத்து, சூடான பிரஸ்ஸில் அழுத்துகிறேன். பிலிம் சுமார் 110 டிகிரி செல்சியஸில் உருகும். நார் உருக 140-ஐத் தாண்ட வேண்டும். 125 போதும். அழுத்தத்தை விடாமலேயே ஆறவைப்பதுதான் முக்கியம். சூட்டோடு திறந்தால் நார் சுருங்கி, தகடு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

பிலிமே இல்லாமல், நாரின் மேல்தோலை மட்டும் உருக்கி அதையே பசையாக்கும் முறையும் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இயன் வார்டு குழு உருவாக்கியது. அதற்கு வெப்பத்தை ஓரிரு டிகிரிக்குள் பிடித்து நிறுத்த வேண்டும். என் பிரஸ்ஸில் மூலைக்கு மூலையே அதைவிட வித்தியாசம், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

தகடு தண்ணீரில் மிதக்கிறது. வெட்டத்தான் உயிர் போகிறது! ஆனால் விடாமல் பாரம் தாங்கிக்கொண்டே இருக்கும் இடத்தில் போடாதீர்கள், மெல்ல நீண்டுகொண்டே போகும்.

கண்ணாடி இழை கலக்கலாமே என்ற அண்ணனுக்கு: எல்லாம் ஒரே பிளாஸ்டிக்காக இருப்பதால்தான் வெட்டுத்துண்டுகளை அப்படியே உருக்க முடிகிறது. இழை கலந்தால் அது கஷ்டம்.