சியாவ் ஹோங் போராட்டத்திலிருந்து ஒதுங்கியவரா?

கேள்வி: கரிசல்வாசகன்
சீன நாவலாசிரியை சியாவ் ஹோங்கின் 'ஹூலான் நதிக் கதைகள்' நூலை ஆங்கில வழியாகப் படித்து முடித்தேன். ஜப்பானியப் படையெடுப்பில் நாடே எரிந்துகொண்டிருந்த 1940இல், ஹாங்காங்கில் அமர்ந்து, தாம் பிறந்த வடகிழக்குச் சிற்றூரின் சேற்றுக்குழியையும் தாத்தாவின் தோட்டத்தையும் அவர் எழுதியிருக்கிறார். போராட்டத்திலிருந்து அவர் விலகிவிட்டார் என்னும் குற்றச்சாட்டு சரிதானா?

மறுமொழி: நதிக்கரை
அவருடைய தனிமை அவரைக் காலத்தின் பெரும் போராட்டத்திலிருந்து பிரித்துவிட்டது என 1946இல் இந்நூலுக்கு முன்னுரை எழுதிய சீன எழுத்தாளர் மாவோ துன்னும் வருந்தினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1911இல் பிறந்த சியாவ் ஹோங், தந்தையுடன் முரண்பட்டு வீட்டைவிட்டு வெளியேறி, 1932இல் வடகிழக்கு நகரான ஹார்பினின் விடுதியொன்றில், உடனிருந்தவர் கைவிட்டுப் போன பின், நிறைசூலியாகக் கடனுக்கு அடைபட்டுக் கிடந்தவர். பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதத்தால்தான் எழுத்தாளர் சியாவ் ஜுன் அவரைத் தேடி வந்தார். பிறந்த குழந்தையை வளர்க்க வழியின்றிப் பிறரிடம் கொடுத்துவிட்டார். பெண்ணுக்கு எதிரான போர் ஜப்பானியர் வருமுன்பே ஊருக்குள் நடந்துகொண்டிருந்ததை அவர் தம் உடலால் அறிந்தவர்.

மறுமொழி: திண்ணைநூலகம்
நவீனச் சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சுன்னின் முன்னுரையுடன் 1935இல் வெளிவந்த 'வாழ்வும் சாவும் நிகழும் களம்' நாவலே இதற்குச் சான்று. ஜப்பானிய எதிர்ப்பு நாவலாக அது புகழ்பெற்றாலும், அதன் பெரும்பகுதி பேறுகாலத்து வதையையும், நோயில் விழுந்து கணவனால் புறக்கணிக்கப்பட்டு உடல் புழுத்துச் சாகும் யூயிங் என்னும் பெண்ணின் நிலையையும் சொல்கிறது. ஜப்பானியருக்கு அஞ்சி ஹார்பினுக்கு ஓடும் ஜின்ஷி என்னும் மற்றொரு பெண் அங்கே சீன ஆணொருவனாலேயே சிதைக்கப்படுகிறாள். 'ஹூலான் நதி'யில் பன்னிரண்டு வயது மருமகளைப் பேயோட்டுவதாகச் சொல்லி, ஊரார் முன்னிலையில் கொதிநீரில் மும்முறை முக்கிச் சாவுக்குத் தள்ளுவது நம் நினைவைவிட்டு அகலாது. அங்கே கூடி நின்ற எவரும் கொடியவர் அல்லர் என்பதே என்னை மிகவும் வருத்தியது.

மறுமொழி: நதிக்கரை
ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதே ஹாங்காங் காலத்தில் அவர் 'மா போலே' நாவலையும் எழுதினார். போருக்கு அஞ்சி ஊர் ஊராக ஓடும், வாய்ச்சொல்லில் மட்டும் தேசபக்தனான ஒரு கோழையின் கதை அது. ஆக, போரையும் அவர் எழுதினார். வீரர்களை எழுதவில்லை, அவ்வளவே. அந்நாவல் முற்றுப்பெறவில்லை. 1941 டிசம்பரில் ஹாங்காங் வீழ்ந்தது. நோயைத் தவறாகக் கணித்துச் செய்யப்பட்ட தொண்டை அறுவையால் நலிந்த அவர், 1942 ஜனவரி 22 அன்று, முப்பது வயதில் இறந்தார். 'மா போலே'க்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு; தாங்கள் அடுத்து அதைப் படிக்கலாம்.