புதுப்பிப்பு: சாக்ஸ் திருடன் விவகாரம்

எங்கள் நாய் சாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, பிடிபட்டால் குற்றவாளி போல முகத்தை வைத்துக்கொள்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். "துரத்தாதீர்கள், அதற்கு அதுதான் விளையாட்டே" என்று பலர் சொன்னீர்கள். சரி, துரத்துவதை நிறுத்திவிட்டேன். ஓரளவு பலன் இருக்கிறது.

இப்போது சாக்ஸோடு வந்து எதிரில் நிற்கும். கண்டுகொள்ளாவிட்டால் காலருகே போட்டுவிட்டு மூக்கால் ஒரு தள்ளு. அதற்கும் அசையாவிட்டால் ஒரு பெருமூச்சு விடும் பாருங்கள், வீட்டுக் கடனெல்லாம் அதுதான் கட்டுவது போல! துவைத்த சாக்ஸைத் தொடுவதே இல்லை. நம் வாசனை ஏறியதுதான் வேண்டும்.

அப்புறம் அந்தக் குற்றவாளி முகம். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாய் தப்பு செய்ததோ இல்லையோ, வளர்ப்பவர் திட்டும்போதுதான் அந்த முகம் அதிகம் வந்தது. எங்கள் வீட்டிலும் பார்த்தோம். சும்மா படுத்திருந்ததிடம் "யார் இதைச் செய்தது?" என்று குரலை உயர்த்தினேன். காது பின்னால் போனது, வால் இறங்கியது, பார்வை சுவர் பக்கம் திரும்பியது. பாவம், சமாதானப்படுத்தவே வெகுநேரம் ஆனது.

அழுக்குக் கூடைக்கு மூடி போட்டாயிற்று. அதைத் திறப்பது எப்படி என்று இப்போது ஆராய்ச்சி நடக்கிறது.