ஊரும் உறவும் சேர்ந்த காதல் தொடர் ஏதாவது சொல்லுங்களேன்

அடுத்து எந்தத் தொடரைப் பார்ப்பது என்று குழப்பமாக இருக்கிறது, உதவுங்கள். 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' (2019) என்ற கொரியத் தொடர் ரொம்பப் பிடித்தது. காதலர்களை விட அந்த வட கொரிய கிராமத்துப் பெண்களின் அரட்டைக்காகவே திரும்பவும் பார்த்தேன். 'ஹோம்டவுன் சா-சா-சா'வின் (2021) மூன்று பாட்டிகளும் அப்படித்தான். சுற்றி ஓர் ஊர் இருந்தால்தான் காதல் கதை எனக்கு ஒட்டுகிறது.

'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' (2009) சுத்தமாக ஒத்துவரவில்லை. பணக்காரப் பையன் அடாவடி செய்து, கையைப் பிடித்து இழுத்தால் அது காதலாம்! அதற்கு மூலமான ஜப்பானிய மங்கா (சித்திரக்கதை) தான் 2001-இல் தைவானிலும் 2018-இல் சீனாவிலும் 'மீட்டியோர் கார்டன்' ஆக வந்தது. அதனால் அவற்றைச் சொல்லாதீர்கள்.

கொரியத் தொடர்கள் பெரும்பாலும் 16 பகுதிகளில் முடிந்துவிடும், அந்த அளவு சரி. சீனத் தொடர்களின் நீளத்துக்குப் பொறுமை இல்லை. ஜப்பானியத் தொடர்கள் இன்னும் சின்னவை என்கிறார்கள், நான் தொட்டதே இல்லை. எதில் தொடங்கலாம்? முப்பது தாண்டியவர்களின் காதலாக இருந்தால் நல்லது. நினைவு இழப்பு, லாரி விபத்து, பண உறையை நீட்டி மிரட்டும் அம்மா, இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். அப்புறம், என் அம்மாவும் கூட உட்காருவார். தமிழ் டப்பிங் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.