ஏர் நெய்லரில் ஆணி முழுசாக இறங்கவில்லை, என்ன செய்யலாம்?

வணக்கம். பெங்களூரு அல்சூரில் சின்னதாக மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். போன வாரம் எஸ்.ஜே.பி. ரோட்டில் 18 கேஜ் பிராட் நெய்லரும் (காற்றழுத்தத்தில் மெல்லிய ஆணி அடிக்கும் கருவி) அதற்குக் காற்று கொடுக்க 24 லிட்டர் கம்ப்ரஸரும் வாங்கினேன். காற்றழுத்தத்தை 80 பி.எஸ்.ஐ. வைத்து பிளைவுட்டில் அடித்தால் சதக்கென்று இறங்குகிறது. தேக்கில்தான் தகராறு. முதல் நாலைந்து ஆணி ஒழுங்காக இறங்கும், அப்புறம் தலை 2 மி.மீ. வெளியே நிற்கும். கருவியில் உச்ச அளவு 100 என்று அச்சடித்திருக்கிறது, அதைத் தாண்ட மனமில்லை. காற்று ஓஸ் 10 மீட்டர், உள்விட்டம் சிறியது. அதுதான் காரணமா? தினமும் இரண்டு சொட்டு ஏர் டூல் எண்ணெய் விடுகிறேன், சாயங்காலம் டேங்கில் சேரும் தண்ணீரையும் வடித்துவிடுகிறேன்.

இன்னொன்று. நேற்று ஆணி ஒன்று சிக்கிக்கொண்டது. உதவிக்கு வரும் பையன் ஓஸைக் கழற்றாமலே நெய்லரின் மூக்கை (ஆணி வெளிவரும் முனை) திறக்கப் போனான். கையைத் தட்டிவிட்டேன். "ட்ரிகரைத் தொடவே இல்லையேண்ணே" என்கிறான். பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொன்னாலும் இதே கதைதான்.

இந்த நெய்லரில் ட்ரிகரைப் பிடித்தபடி மூக்கை மரத்தில் அழுத்தினாலே ஆணி பாய்கிறது. ஒவ்வொரு ஆணிக்கும் விரலை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் அடிக்கும் ட்ரிகர் தனியாகக் கிடைக்குமா? மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை பையன் கையில் கொடுப்பதாக இல்லை.