முட்டி அச்சைத் திருத்தும் ஆஸ்டியோடமி: தீசிஸுக்கு எந்தப் பக்கம் போகலாம்?

எலும்புப்பிஜி:
எலும்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வில்கால் முட்டித் தேய்மானத்துக்குச் செய்யும் எச்டிஓவை (முட்டிக்குக் கீழே டிபியா என்ற கீழ்க்கால் எலும்பை வெட்டிக் காலை நேராக்கும் ஆஸ்டியோடமி) தீசிஸாக எடுக்கலாம் என்று தேட உட்கார்ந்தால், எலும்பியல் மருத்துவர் கோவன்ட்ரி 1965-இல் எழுதியதில் தொடங்கி நேற்று வந்தது வரை கட்டுரைகள் கொட்டுகின்றன. மூட்டு மாற்று வந்ததும் இது செத்துப்போன ஆபரேஷன் என்கிறார் ஒரு சீனியர். எனக்கு அப்படித் தெரியவில்லை. இப்போது சண்டை எதைப் பற்றி? வெட்டிய இடத்தை ஆப்பு வடிவில் திறப்பதா, ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிட்டு மூடுவதா என்பதுதானா இன்னும்?

கோணமானி:
அந்தச் சண்டை பெரும்பாலும் அடங்கிவிட்டது தம்பி. வெளிப்பக்கம் ஆப்பு வெட்டி மூடினால் பக்கத்து மெல்லிய எலும்பான ஃபிபுலாவையும் கவனிக்க வேண்டும், பாதத்தைத் தூக்க உதவும் பெரோனியல் நரம்பும் அருகிலேயே இருக்கும். 2000-க்குப் பிறகு லாக்கிங் பிளேட்டுகள் (ஸ்க்ரூ பிளேட்டோடு பூட்டிக்கொள்பவை) வந்ததும் உள்பக்கம் வெட்டித் திறப்பது பரவிவிட்டது. அதிலும் டிபியாவின் பின்சரிவு (மேற்பரப்பு பின்னோக்கிச் சரிவது) கூடிப்போகும் தொல்லை உண்டு.

இப்போதைய கேள்வி, கோணல் எந்த எலும்பில் இருக்கிறது என்பது. ஃபுஜிசாவா 1979-இல் ஆர்த்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிய பிறகு, பாரக்கோடு (இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் வரை இழுக்கும் கோடு) டிபியாவின் அகலத்தில் உள்விளிம்பிலிருந்து 62 சதவீதத்தில் போக வேண்டும் என்று எல்லாரும் அந்தப் புள்ளியைக் குறிவைத்தே வெட்டினார்கள். ஃபீமர் (தொடை எலும்பு) வளைந்திருக்க டிபியாவை வெட்டினால் என்ன ஆகும்? எக்ஸ்ரேயில் கால் நேராகிவிடும், மூட்டுக்கோடு ஓட்டுக்கூரை மாதிரிச் சரிந்து நிற்கும். டிபியாவின் உள்கோணம் (எலும்பின் அச்சும் மூட்டுக்கோடும் உள்பக்கம் சேரும் கோணம்) இயல்பில் 87 டிகிரி அளவு, அது 95-ஐத் தாண்டினால் பலரும் பயப்படுகிறார்கள். அதனால்தான் இரண்டு எலும்பையும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டும் பேச்சு. நான் எடுப்பதாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

வெட்டுக்கோடு:
ஹிஞ்ச் முறிவையும் (முழுதாக வெட்டாமல் கீல்போல விட்டுவைக்கும் எதிர்ப்பக்க எலும்பு உடைவது) பாருங்கள். டகெயுச்சி 2012-இல் மூன்று வகையாகப் பிரித்தார், இரண்டாவதும் மூன்றாவதும் ஆட்டம் காண்பவை. அப்புறம், "1 மி.மீ. திறந்தால் 1 டிகிரி" என்று தியேட்டரில் சொல்வார்களே, அது எலும்பு 57 மி.மீ. அகலம் இருந்தால்தான் சரி. 70 மி.மீ. அகலமுள்ள எலும்பில் 10 மி.மீ. திறந்துவிட்டு 10 டிகிரி வந்தது என்று நினைத்தால், வந்திருப்பது 8தான்.

இதைச் சமாளிக்கத்தான் சி.டி. எடுத்து அந்த நோயாளிக்கென்றே முப்பரிமாணத்தில் அச்சிடும் வெட்டு வழிகாட்டிகள். கட்டுரைகள் ஏராளம். ஆனால் பாதிக்கு மேல் கோணம் எவ்வளவு துல்லியம் என்று அளந்துவிட்டு முடித்துக்கொள்கின்றன என்பது என் எண்ணம். வலி குறைந்ததா என்று கேட்பவர்கள் குறைவு.

வில்கால்காரன்:
நான் டாக்டர் இல்லை, 46 வயதில் இதைச் செய்துகொண்டவன். எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டருக்கு ஒரே சந்தோஷம், ஸ்கேலை வைத்துக் காட்டினார். பழைய வலி போனது நிஜம். ஆனால் முட்டிக்குக் கீழே உள்பக்கம் பிளேட் தோலோடு உரசும், ஒருக்களித்துப் படுத்தால் மற்ற கால் அதன்மேல் இடிக்கும், தலையணை வைத்துத்தான் தூங்கினேன். எலும்பு சேர்ந்தபிறகு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். முதலிலேயே யாரும் சொல்லவில்லை.

கோணமானி:
பிளேட் உறுத்தல் நிறையப் பேருக்கு உண்டு ஐயா, சொல்லியிருக்க வேண்டும்.

எலும்புப்பிஜி:
நன்றி அண்ணா, எல்லாருக்கும். எங்கள் துறையில் முழுக்கால் எக்ஸ்ரேக்கள் பழையது நிறைய இருக்கின்றன. முதலில் அவற்றில் கோணல் டிபியாவிலா ஃபீமரிலா என்று அளக்கிறேன். ஐயா, ஃபாலோ-அப் கேள்வித்தாளில் "இரவில் பிளேட் இடிக்கிறதா" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.